மாற்று எரிபொருளும் மாறாத கைகளும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மாணவர்கள், இளைஞர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'மாற்று எரிசக்தியும் சுற்றுச்சூழலும்'. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு ஒரு படம் போட்டிருப்பான். பச்சை வயல், நீல வானம், நடுவுல ஒரு வெள்ளைக் காற்றாலை, ஓரத்துல பளபளன்னு சூரியத் தகடு. அந்தப் படத்தில் ஆளே இருக்க மாட்டான், கவனிச்சிருக்கீங்களா? நிலம் இருக்கும், அது யார் நிலம்னு இருக்காது. எந்திரம் இருக்கும், அதைத் துடைக்கிற கை இருக்காது. அந்தப் படத்துக்குள்ளே ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இன்றைக்கு என் வேலை.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரமே வேண்டாம், அகல் விளக்கில் வாழலாம் என்று பேசுகிற கூட்டத்தில் நாம் இல்லை. அந்தப் பழைய வாழ்க்கை யாருக்கு அழகாக இருந்தது என்று நமக்குத் தெரியும். ஊர்த்தெருவில் கம்பம் நட்ட பிறகு சேரிக்குக் கம்பி வர எத்தனை வருசம் ஆச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். நம் தோழர்கள் அந்தக் காலத்துத் தொழிலாளர் சட்டங்களைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பாசனமும் மின்சாரமும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தன என்பதைப் பேசுவதே இல்லை. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கான கொள்கைக் குழுவில் 1943-இல் அவர் மின்சாரம் பற்றி விரிவாகப் பேசினார். மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944-இல் அமைந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கணும், தொழில் பெருகணும், நிலத்தையே நம்பிக் கிடக்கிற வறுமையிலிருந்து மக்கள் வெளியே வரணும், அந்த மின்சாரம் அரசு கையில் இருக்கணுமா தனியார் கையிலா? இவைதான் அவர் எடுத்துக்கொண்ட விசயங்கள். ஆக, மின்சாரம் யார் கையில், யார் செலவில் என்ற கேள்வி நமக்கு இரவல் கேள்வி கிடையாது. எண்பது வருசமா நம்ம கேள்வி.

சரி, 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி' என்றால் என்ன? எடுக்க எடுக்கத் திரும்ப வருவது. வெயில், காற்று, ஓடுகிற தண்ணீர், வெட்டினால் துளிர்க்கிற மரம். உலகத்திலேயே பழைய புதுப்பிக்கத்தக்க எரிபொருள் விறகுதான். கணக்குப்படி அது பச்சை. ஆனால் புகைபோக்கி இல்லாத குடிசையில் பருத்திமாரையும் சீமைக்கருவேல் முள்ளையும் எரித்து, ஊதுகுழல் ஊதி ஊதி, கண்ணும் நெஞ்சும் கெட்டுப்போன நம்ம அம்மா, ஆத்தாக்களிடம் போய் 'நீங்க பசுமை எரிசக்தி பயன்படுத்துனீங்க' என்று சொல்லிப் பாருங்கள், துடைப்பத்தை எடுப்பார்கள். 2016-இல் உஜ்வலா திட்டத்தில் சிலிண்டர் வந்தது. இரண்டாவது சிலிண்டருக்குக் காசில்லாமல் முள்ளுக்கே திரும்பிய வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கும். தீராதது என்பது ஒரு செய்தி. தீங்கில்லாதது என்பது வேறு செய்தி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் வியாபாரமே நடக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

அரியலூர் மண்ணுக்கு அடியில் கிடப்பது ஒரு பழைய கடல். சாத்தனூர் கல்மரத்தைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். 12 கோடி வருசத்துக்கு முந்தையது. அந்தக் காலத்துக் கடலில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் படிந்து படிந்து உண்டான சுண்ணாம்புக்கல்தான் இந்த மாவட்டத்தின் சொத்து, தலைவிதி, எல்லாம். அரசின் டான்செம் ஆலை 1979-இல் வந்தது. ரெட்டிப்பாளையம், ஆலத்தியூர், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழூர், தாமரைக்குளம் என்று தனியார் ஆலைகள் சுற்றிலும் வந்தன. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி போகிற ரோட்டில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்தானே நீங்கள்? அதனால் தூசியைப் பற்றியோ, சுரங்கக் குழிக்குள் இறங்கிப்போன கிணற்றுத் தண்ணீரைப் பற்றியோ நான் விளக்கத் தேவையில்லை.

சிமெண்ட் ஆலைக்காரர்கள் இப்போது பெருமையாகச் சொல்கிற ஒரு சொல் 'மாற்று எரிபொருள்'. அது என்னவென்று பார்க்கணும். சூளைக்குள்ளே சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுட்டுக் கிளிங்கர் ஆக்குகிறார்கள். அதற்கு நிலக்கரி வேண்டும், அல்லது பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சுகிற பெட்கோக் வேண்டும். இந்தக் கரிக்குப் பதிலாகக் கொஞ்சம் நகரத்துக் குப்பையைப் போட்டால் அதுதான் மாற்று எரிபொருள். பிளாஸ்டிக், துணி, ரெக்சின், தெர்மாகோல், காகிதம் எல்லாவற்றையும் பிரித்து, காயவைத்து, துண்டுதுண்டாக நறுக்கிய சரக்கு. ஆர்.டி.எஃப். என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குப்பைன்னு சொன்னா நாறும், ஆர்.டி.எஃப்.ன்னு சொன்னா நாறாது.

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இரண்டு காரியம் செய்தன. மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தருகிற கழிவை மண்ணில் புதைக்கக் கூடாது, எரிபொருளாக்க வேண்டும் என்றன. ஆர்.டி.எஃப். தயாரிக்கிற இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஆலைகள் தங்கள் எரிபொருளில் 5 சதவீதமாவது இதைப் பயன்படுத்த வேண்டும் என்றன. இந்த மாதிரி எண்கள் போகப்போக மேலே போகுமே தவிரக் கீழே இறங்காது. நூறு கிலோமீட்டர் என்று எழுதினார்கள். ஆனால் சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மேடுகளைக் கிளறிப் பிரித்தபோது அந்தச் சரக்கு அரியலூர் சிமெண்ட் ஆலைகள் வரைக்கும் வந்தது. இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் நகராட்சி, பேரூராட்சி எங்கே கேட்டாலும், "மக்காத பிளாஸ்டிக்கை என்ன பண்றீங்க?" என்றால், "சிமெண்ட் கம்பெனிக்கு அனுப்பிடறோம்" என்று பதில் வரும். அனுப்பப்படுகிற பெயர் பெரும்பாலும் நம் மாவட்டத்துப் பெயர்.

இதில் நான் நியாயமாகப் பேச வேண்டும். குப்பை மேட்டில் சும்மா தீப்பிடித்து எரிகிறதே, அந்தப் புகையோடு ஒப்பிட்டால் சிமெண்ட் சூளை எவ்வளவோ மேல். அத்தனை சூட்டில் பிளாஸ்டிக்கின் விஷப் பொருள்களில் பெரும்பகுதி சிதைந்துவிடும். சாம்பல் தனியாக மிஞ்சாது, கிளிங்கரிலேயே கலந்துவிடும். கரி எரிவதும் குறையும். இதையெல்லாம் மறுத்துப் பேசினால் நாளைக்கு ஒரு இன்ஜினியர் வந்து நம்மை மேடையிலேயே மடக்கிவிடுவான்.

ஆனால் அந்த இன்ஜினியரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, கரியமில வாயு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போகும். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்கள் இங்கேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது எரிபொருளிலிருந்து வருவது கிடையாது, கல்லிலிருந்தே வருவது. ஒரு சிமெண்ட் ஆலை வெளியேற்றுகிற கரியமில வாயுவில் பாதிக்கு மேல் இந்தக் கல்தான். அடியில் கரியை எரித்தாலும் குப்பையை எரித்தாலும், சாமி விறகை எரித்தாலும் அது மாறாது. மிச்சப் பாதியிலும் பிளாஸ்டிக் என்ன? பெட்ரோலியத்தில் செய்தது. அதுவும் பூமிக்கு அடியிலிருந்து எடுத்ததுதான். அதை எரித்துவிட்டுப் பசுமை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அடுத்தது, காற்றில் வருவது. பி.வி.சி. தெரியும் உங்களுக்கு. குழாய், செருப்பு, ரெக்சின் பை. அதில் குளோரின் இருக்கிறது. குளோரினோடு எரிந்த புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறங்குகிற இடைவெளியில் டையாக்சின் என்கிற நஞ்சு மறுபடியும் உருவாகலாம். சூளை எவ்வளவு சூடாக இருந்தது என்பது மட்டும் போதாது, புகை எப்படி ஆறியது என்பதும் முக்கியம். பாதரசம் இருந்தால் அது எந்தச் சூட்டிலும் அழியாது, ஆவியாகப் போகும். இதற்கெல்லாம் அரசு 2016-இல் வரம்பு வைத்தது. டையாக்சினுக்கு ஒரு கன மீட்டர் புகையில் 0.1 நானோகிராம், பாதரசத்துக்கு 0.05 மில்லிகிராம். வரம்பு நல்ல வரம்புதான். ஆனால் தூசியை இருபத்துநாலு மணி நேரமும் கருவி அளக்கிறது. டையாக்சினை அளப்பது ஆண்டுக்கு ஒருமுறை. வருசத்தில் ஒரு நாள் அளந்துவிட்டு மிச்சம் 364 நாளுக்கும் நம்பிக்கையில் மூச்சு விடச் சொல்கிறார்கள். அந்த ஒரு நாள் எந்த நாள், அன்றைக்குச் சூளைக்குள் போனது எந்தச் சரக்கு? அந்த அறிக்கையின் நகல் யார் கையிலாவது இருக்கிறதா? இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

(கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை.)

அதைத்தான் சொல்ல வந்தேன்.

இனிமேல்தான் முக்கியமான விசயம். சூளைக்கு எந்தக் குப்பையும் ஆகாது. பி.வி.சி. அதிகமானால் சூளைக்கே கேடு, உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும். ஈரம் ஆகாது. கண்ணாடி, இரும்பு, கல் ஆகாது. ஆக, பிரிக்க வேண்டும். பிரிப்பது யார்? எந்திரம் கொஞ்சம் பிரிக்கும். மிச்சத்தைக் கை பிரிக்கும். அது எந்தக் கை? நகராட்சியின் பொருள் மீட்பு மையத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். நாப்கினும் டயப்பரும் மீதிச் சோறும் ஊசியும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கிடக்கிற குவியல் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். கையுறை கொடுத்திருப்பார்கள். அதைப் போட்டால் சாஷே பாக்கெட்டைப் பிடிக்க வராது என்று கழற்றி வைத்திருப்பார்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். கிராமத்தில் தூய்மைக் காவலர் என்று வைத்தார்கள். காவலர்! லத்தி கிடையாது, துடைப்பம். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் தொகுப்பூதியம்.

சிமெண்ட் ஆலையின் ஆண்டறிக்கையில் மாற்று எரிபொருள் இத்தனை சதவீதம் என்று அழகான வண்ணத்தில் ஒரு வட்டப்படம் இருக்கும். அந்தச் சதவீதத்துக்குள்ளே இந்தப் பெண்களின் கை இருக்கிறது. நிலக்கரியைச் சுரங்கத் தொழிலாளி வெட்டினான், அவனுக்குச் சங்கம் வந்தது, போனஸ் வந்தது, அவன் எரிபொருள் உற்பத்தி செய்கிறவன் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. குப்பையிலிருந்து எரிபொருள் எடுத்துக் கொடுக்கிறவளை யாராவது எரிசக்தித் தொழிலாளி என்று சொல்கிறார்களா? அவளைக் குப்பைக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். குப்பை எரிபொருளாக மாறியது, விலை மாறியது, பெயர் மாறியது. அவள் சாதியும் கூலியும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்களே, கடைசியில் ராத்திரியில் தூக்கிக்கொண்டு போய்க் கைது செய்தார்களே, அதைத் தொழிற்சங்கப் பிரச்சினை என்று மட்டும் பார்த்தோம். அது எரிசக்திப் பிரச்சினையும்தான். குப்பைக்கு விலை ஏற ஏறத்தான் அதை அள்ளுகிற வேலை ஒப்பந்தக்காரன் கைக்குப் போகிறது.

இந்த இடத்தில் சாஷே பாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல் பேசுகிற மேல்தட்டு நண்பர்கள் சிலருக்கு, ஏழைகள்தான் ஒரு ரூபாய் ஷாம்பு வாங்கிப் பூமியைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு எண்ணம். சின்ன பாக்கெட்டில் ஷாம்பு போட்டு விற்கிற வித்தையே பக்கத்துக் கடலூரில் பிறந்தது என்று சொல்வார்கள். முழு பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரப் பெண்ணுக்கும் அன்றைக்குத் தலைக்கு நுரை கிடைத்தது. அதில் அவள் மேல் என்ன குற்றம்? பல அடுக்குப் பிளாஸ்டிக்கில் அதைச் செய்தவன் யார், திரும்ப எடுக்கிற பொறுப்பு யாருக்கு என்பதுதான் கேள்வி. 2022-இல் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் பொறுப்பு என்று விதி கொண்டுவந்தார்கள். நல்லது. ஆனால் அதிலேயே ஒரு சந்து. பல அடுக்கு பாக்கெட்டைச் சிமெண்ட் சூளையில் எரித்தாலும் பொறுப்பு முடிந்ததாகக் கணக்கு. மும்பையில் பாக்கெட் போட்ட கம்பெனிக்குச் சான்றிதழ். சிமெண்ட் ஆலைக்குக் கரிச் செலவு மிச்சம். நகராட்சிக்குக் குப்பை மேடு காலி. மூன்று பேரும் கை கழுவியாயிற்று. கழுவிய தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று அரியலூர்க்காரன்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் வரும், அதை மறைக்காமல் பேச வேண்டும். கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வரக்கூடாது என்று 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி நடத்தினார்கள். அனல் மின்நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரத் தொழிற்சாலை என்று பட்டணத்தின் எல்லாப் புகையையும் சுமந்த உழைக்கும் மக்கள் அவர்கள். அவர்கள் வேண்டாம் என்பது முழு நியாயம். அப்போது ஒரு அதிகாரி என்ன சொல்வான்? 'சரி, இங்கே எரிக்கலை, அரியலூருக்கு அனுப்பிடறோம்' என்பான். கொடுங்கையூர்ச் சேரியின் வெற்றி கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சேரியின் தலையில் வந்து விழும். இதை எப்பவும் இப்படித்தான் செய்வார்கள், ஒரு சேரிக்கு எதிராக இன்னொரு சேரியை நிறுத்துவார்கள். அதனால் நம் கோரிக்கை 'எங்க ஊருக்கு வேண்டாம்' என்பதோடு நின்றால் போதாது. பிரிக்க முடியாத பாக்கெட்டை உற்பத்தி செய்யாதே என்று வடசென்னையும் அரியலூரும் சேர்ந்து கேட்க வேண்டும். இந்த இரண்டு ஊர்க்காரர்களும் இதுவரை ஒரே மேடையில் உட்கார்ந்ததில்லை என்பது என் வருத்தம். யாராவது மாணவர்கள் அதற்கு முயற்சி எடுங்கள்.

பெரம்பலூர்த் தோழர்கள் 'எங்களைப் பத்தி ஒண்ணுமே வரலையே' என்று பார்க்கிறீர்கள். வருகிறேன். உங்களிடம் கரும்பு இருக்கிறது. எறையூரில் அரசு சர்க்கரை ஆலை 1970களில் வந்தது. உடும்பியத்தில் தனியார் ஆலை. அரியலூர்ப் பக்கம் சாத்தமங்கலத்தில் ஒன்று. சாறு பிழிந்த சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து மின்வாரியத்துக்கு விற்பதற்கு இணைமின் உற்பத்தி என்று பெயர். சக்கை வருசாவருசம் வரும், ஆகவே புதுப்பிக்கத்தக்கது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நிலக்கரியைவிட மேல்தான். ஆனால் அரவை எத்தனை மாசம்? சக்கை தீர்ந்த பிறகு கொதிகலனை என்ன செய்வது? நாட்டில் பல இணைமின் நிலையங்கள் அந்த மாசங்களில் நிலக்கரியை எரித்தே ஓடியிருக்கின்றன. அப்புறம் தண்ணீர். வானம் பார்த்த பூமி இது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற மண். பல பிர்க்காக்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியாயிற்று என்று அரசுக் கணக்கே சொல்கிறது. அங்கே வருசம் பூராவும் தண்ணீர் குடிக்கிற பயிரை வைத்து எடுக்கிற மின்சாரத்தில், போர் போட்டு இறைத்த தண்ணீரும் சேர்ந்துதான் எரிகிறது. போர் போட வசதி இல்லாத அரை ஏக்கர்க்காரனின் திறந்த கிணறுதான் முதலில் வற்றும். அந்த அரை ஏக்கர்க்காரன் யார் என்று நான் சொல்லணுமா?

கரும்பு விவசாயிகள் சங்கம் வைத்து, நிலுவையைக் கொடு, மின்சார லாபத்தில் பங்கு கொடு என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். கரும்பு வெட்டுகிறவர்? மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, குடும்பத்தோடு வந்து, வரப்பில் கூடாரம் போட்டு, சோகை அறுத்த கையோடு தூங்குகிறவர்? அவர் வெட்டுவது இனிமேல் சர்க்கரைக்கு மட்டும் இல்லை, மின்சாரத்துக்கும் சேர்த்து. ஆனால் டன்னுக்கு இத்தனை என்ற கூலியில் அந்த மின்சாரம் எந்தக் காலத்திலும் ஏறியதில்லை. லாபத்தில் பங்கு கேட்க அவருக்கு மேடை கிடையாது, பதிவேட்டில் பெயரே கிடையாது.

கடைசியாக வெயில். சூரிய மின்சாரம்தான் இருப்பதிலேயே சுத்தம். புகை இல்லை, சாம்பல் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன், வரவேற்கிறேன். ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் நிலம் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கர். இவ்வளவு நிலத்தை எங்கே தேடுவார்கள்? 'தரிசு' என்று எழுதியிருக்கிற இடத்தில். இந்தத் தரிசு என்ற சொல்லை நாம் ரொம்ப கவனமாகப் படிக்கணும். நஞ்சை புஞ்சை வைத்திருப்பவனுக்கு அது தரிசு. நிலமில்லாதவனுக்கு? ஆடு மேய்க்கிற இடம், முள் வெட்டுகிற இடம், கரி மூட்டம் போடுகிற இடம், வெளிக்குப் போகிற இடம், பிணம் புதைக்கிற இடம். பட்டா இல்லை, ஆனால் பிழைப்பு இருக்கிறது.

வரலாறு எப்படித் திரும்புது பாருங்க. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கை கொடுத்தார். 1892-இல் ஆணை வந்தது, நம் முன்னோர்களுக்குத் தரிசு நிலம் கொடுத்தார்கள். பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் பூராவும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவருகிற கணக்கு. அந்தத் தரிசைக் கல் பொறுக்கி, முள் வெட்டி நிலமாக்கிய பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதைத் திரும்பக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் உயிர் போனது. நமக்குக் கொடுக்கும்போது, 'தரிசுதானே, எடுத்துக்கோ' என்றார்கள். இப்போது எடுக்கும்போதும் அதே சொல்: 'தரிசுதானே!' இடையில் காட்டாமணக்கு வந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். தரிசில் காட்டாமணக்குப் போட்டு டீசல் எடுக்கலாம் என்று ஊர் ஊராகப் பிரச்சாரம். 2009 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் 20 சதவீதம் என்று இலக்கு வைத்தது. தண்ணீர் இல்லாத மண்ணில் அது காய்க்கவே இல்லை. போட்டவர்கள் பிடுங்கிப் போட்டார்கள். தரிசில் எதுவும் தண்ணீரில்லாமல் விளையும் என்று ஆபீசில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1894 நிலம் எடுப்புச் சட்டத்தில் நிலக்காரனைத்தான் பார்த்தார்கள். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம் உங்களுக்கே தெரியும். அது மாற்று எரிசக்தி இல்லை, ஆனால் நிலத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்துப் பாடம். 1990களில் நிலத்தை எடுத்தார்கள், இழப்பீட்டுக்கு வழக்கு நடந்தது, கால் நூற்றாண்டு போனது, மின்நிலையம் வரவே இல்லை. அத்தனை வருசக் கோப்பில் அந்த நிலத்தில் நடவு நட்டவள், களை எடுத்தவள் பெயர் எங்கேயும் கிடையாது. 2013-இல் வந்த சட்டம்தான் முதல்முறையாக, நிலம் சொந்தமில்லாவிட்டாலும் அதில் மூன்று வருசம் வேலை செய்து பிழைத்த கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றது. பெரிய விசயம். ஆனால் தமிழ்நாடு தன் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் உள்பட மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருசம் சட்டமன்றத்தில் திரும்ப உயிர் கொடுத்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. இழப்பீடு தருகிறோமே என்பார்கள். போனது எது? சமூகத் தாக்க மதிப்பீடு. அதாவது, யார் யார் இங்கே கூலி வேலை செய்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற வேலை. கணக்கெடுக்காமல் எந்தக் கூலிக்காரருக்கு இழப்பீடு கொடுப்பார்கள்? சூரிய ஆலைக்கு நிலம் பெரும்பாலும் கிரயமாகவோ குத்தகையாகவோ நேரடியாக வாங்கப்படுவதால் இந்த அரைகுறைச் சட்டம்கூட அங்கே நுழையாது. நிலக்காரருக்குக் கிரயப் பணம் வரும். அதில் களையெடுத்தவளுக்குக் கம்பி வேலி.

இன்னொன்று. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சூரியத் தகடும் காற்றாலையும் இல்லை. ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. சிமெண்ட் ஆலைக்கும் பெரிய சுண்ணாம்புச் சுரங்கத்துக்கும் உண்டு. அரியலூரில் அந்தக் கூட்டங்கள் அடிக்கடி நடக்கும். நம் ஆட்கள் போவதில்லை, போனாலும் பந்தலுக்கு வெளியே நின்று பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்புகிறோம். முன் வரிசை நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் நிலம் விற்க வந்தவர்கள், லாரி ஒப்பந்தம் கேட்க வந்தவர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நாம் தயாராகப் போக வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னால் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். போய்க் கேளுங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதி வாங்குங்கள். அதில் 'மாற்று எரிபொருள்' என்று ஒரு பத்தி இருக்கும், அதை முதலில் படியுங்கள். எந்த ஊர்க் குப்பை, நாளைக்கு எத்தனை டன், எங்கே பிரித்தது, பிரித்தவர்களுக்கு என்ன கூலி, கடைசியாக டையாக்சின் அளந்த தேதி என்ன, அன்றைக்குச் சூளையில் எத்தனை சதவீதம் குப்பை போனது, சரக்குக் கிடங்கு நம் தெருவிலிருந்து எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். கூட்டத்தை முழுக்க வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் மைக்கில் பேசும்போது ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சொல்லிவிட்டுப் பேசுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. ஆட்சியர் கிளம்பிவிட்டார், சாமியானாவைப் பிரிக்கிறார்கள் என்று நீங்களும் கிளம்பிவிடாதீர்கள். வாசிக்கச் சொல்லி உட்காருங்கள். பெண்கள் கேட்ட கேள்வி அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மைக் கிடைக்காதவர்கள் கேள்வியைத் தாளில் எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலரிடம் கொடுத்து, மறுபிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மறுபிரதியை யார் வீட்டில் வைப்பது என்று இன்றைக்கே முடிவு பண்ணிவிட்டுக் கலைவோம்.